எம்.பி. ஸ்லைடில் முதலில் சிவப்பணுவைப் பாருங்கள்

சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுநாளாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். பயிற்சிக்கு வரும் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) பிள்ளைகளிடம் எம்.பி. ஸ்லைடு, அதாவது மலேரியா ஒட்டுண்ணியைத் தேடும் ரத்த ஸ்லைடு ஒன்றைக் கொடுத்தால் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸைத் திருப்பி, ஊதாப் புள்ளியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கிடைத்ததும் "மேடம், ரிங்!" என்று ஒரு சத்தம். ரிங் என்பது மோதிரம் போலத் தெரியும் இளம் ஒட்டுண்ணி. எந்த ரிங், மலேரியா இனங்களில் வைவாக்ஸா ஃபால்சிபேரமா என்று கேட்டால் பதில் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இளம் ரிங்கை மட்டும் பார்த்து இனம் சொல்வது பழகிய கண்ணுக்கும் சிரமம்தான்.

ஆனால் அந்த ஒட்டுண்ணி உள்ளே இருந்துகொண்டு சிவப்பணுவைச் சும்மா விட்டுவைப்பதில்லை. அணுவின் அளவு, வடிவம், நிறம், சவ்வு எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றிக்கொள்கிறது. ஒவ்வோர் இனமும் அதை ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: ஒட்டுண்ணி கண்ணில் பட்டதும் ஒரு நிமிடம் அதை விட்டுவிட்டு, அது இருக்கும் அணுவையும் அக்கம்பக்கத்து அணுக்களையும் பாருங்கள். பிறகு உள்ளே போங்கள்.

ஸ்லைடு சரியில்லை என்றால் எதுவும் தெரியாது

மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஸ்மியர் (ஸ்லைடில் பரப்பிய ரத்தப் படலம்) நன்றாக இருக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் உடனே ஸ்மியர் போடுவதே உத்தமம். ரத்தம் உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் வந்த ரத்தமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்து, பைக்கில் ஊரெல்லாம் சுற்றி மாலையில் வந்து சேரும் குழாயில் அணுக்கள் சுருங்கியிருக்கும், புள்ளிகள் மங்கியிருக்கும், வைவாக்ஸ் ட்ரோஃபோசோயிட் (ரிங்குக்கு அடுத்த வளரும் நிலை) உருண்டையாகத் திரண்டு வேறு இனம் போலத் தெரியும். இன்னொரு வேடிக்கையும் நடக்கும். உடல் சூடு இறங்கி, கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறியதும், ஆண் கேமட்டோசைட் (கொசுவுக்குள் போய் இனம் பெருக்க உருவான நிலை) தான் கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு வால் போன்ற இழைகளை வெளியே வீசத் தொடங்கும். 1880 நவம்பரில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் பச்சை ரத்தத்தில் பார்த்ததும் இந்த இழைகள் துடிப்பதைத்தான். அது உயிருள்ள ஒன்று என்று அவருக்கு உறுதியானது அந்தத் துடிப்பால். நமக்கோ அது குழப்பம்.

ஒரே ஸ்லைடில் திக் (தடித்த ஸ்மியர்), தின் (மெல்லிய ஸ்மியர்) இரண்டும் போடுங்கள். திக் ஸ்மியர் தேடுவதற்கு. அதில் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும், அதனால் அணுவின் மாற்றத்தை அதில் பார்க்க வழியில்லை. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் தின் ஸ்மியருக்குத்தான். தின் ஸ்மியரை மெத்தனாலில் நிலைப்படுத்தும்போது ஒரு சொட்டுகூட திக் பக்கம் ஓடக் கூடாது. ஓடினால் அந்தப் பக்கம் கரையாமல் நின்று, வெறும் இளஞ்சிவப்புச் சுவராகிவிடும்.

அடுத்தது பி.எச். இதில்தான் பெரும்பாலான லேப்கள் கோட்டை விடுகின்றன. சாதாரண ரத்த அணுப் பரிசோதனைக்கு 6.8 பி.எச். பஃபரில் லீஷ்மன் சாயம் போட்டுப் பழகியிருப்போம். மலேரியாவுக்கு 7.2 வேண்டும். 6.8-இல் ரிங் தெரியும். ஆனால் சவ்வில் இருக்கும், வைவாக்ஸைக் காட்டிக்கொடுக்கும் ஷுஃப்னர் புள்ளிகள் சரியாக நிறம் பிடிக்காது. போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கொண்டு ஜீம்சா சாயத்தைக் கலக்கிவிட்டு "புள்ளி இல்லை, அதனால் வைவாக்ஸ் இல்லை" என்று எழுதுவது அநியாயம். பஃபர் மாத்திரை விலை அதிகமில்லை. அரசு மலேரியா கிளினிக்குகளில் ஜே.எஸ்.பி. ஸ்டெயின் இருக்கும். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இருவர் 1944-இல் நம் நாட்டிலேயே உருவாக்கியது. நூற்றுக்கணக்கில் திக் ஸ்மியர் பார்க்க வேண்டிய இடத்தில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. புள்ளி பார்க்க வேண்டும் என்றால் நான் ஜீம்சாவைத்தான் எடுப்பேன்: மூன்று சதவீதக் கரைசலில் முக்கால் மணி நேரம். அவசரத்துக்குப் பத்து சதவீதத்தில் பத்து நிமிடம்.

ஸ்மியரின் வால் பகுதிக்குச் சற்று முன்னால், அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்துக்குப் போங்கள். தடித்த பகுதியில் எல்லா அணுவும் சிறிதாகத் தெரியும், நுனியில் எல்லாமே தட்டையாகி அகன்றிருக்கும். அளவை ஒப்பிட இரண்டு இடமும் உதவாது.

அளவு

நல்ல சிவப்பணுவின் குறுக்களவு ஏழு முதல் எட்டு மைக்ரோமீட்டர். சிறிய லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுவின் உட்கருவும் ஏறக்குறைய அதே அளவு. ஃபீல்டில் ஒரு லிம்ஃபோசைட் அகப்பட்டால் அதுவே உங்கள் ஸ்கேல். ஒட்டுண்ணி உள்ள அணுவை அதோடும், ஒட்டுண்ணி இல்லாத நான்கு அணுக்களோடும் ஒப்பிடுங்கள்.

வைவாக்ஸ் புகுந்த அணு பெரிதாகியிருக்கும். வளர்ந்த ட்ரோஃபோசோயிட் என்றால் ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு. வெளிறியும் இருக்கும். காரணம் இரண்டு. முதலாவது, வைவாக்ஸ் கண்ட அணுவுக்குள்ளும் நுழையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வெளிவந்த ரெட்டிகுலோசைட்தான் அதற்கு வேண்டும். அது இயல்பிலேயே சற்றுப் பெரிய அணு. இளம் அணுவின் மேல் இரும்பை உள்வாங்குவதற்கான டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி இருக்கிறது, அணு முதிரும்போது அது உதிர்ந்துவிடும். அந்த ஏற்பியைப் பிடித்துக்கொண்டுதான் வைவாக்ஸ் நுழைகிறது என்பது 2018-இல் தெரியவந்தது. டஃபி என்னும் ரத்தவகைப் புரதமும் அதற்கு வேண்டும் என்று 1976-லேயே கண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோரின் சிவப்பணுவில் டஃபி இல்லை, அங்கே வைவாக்ஸும் அரிது. இரண்டாவது காரணம், உள்ளே போனபின் ஒட்டுண்ணி சவ்வையே மாற்றி அணுவைத் தளர்த்திவிடுகிறது.

இதிலிருந்து கைக்கு ஒரு விதி கிடைக்கிறது. ரத்தத்தில் ரெட்டிகுலோசைட் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். ஆகவே வைவாக்ஸ் தொற்றில் பாதிக்கப்பட்ட அணுக்கள் இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். நீங்கள் எண்ணும்போது ஐந்து, ஆறு என்று போனால், கை "பி.வி." (வைவாக்ஸ்) என்று எழுதப் போகுமுன் நிறுத்துங்கள். ஃபால்சிபேரமுக்கு வயது பேதம் கிடையாது. புது அணு, பழைய அணு எதிலும் நுழையும். எண்ணிக்கை அதனால்தான் அப்படி எகிறுகிறது. அது புகுந்த அணுவின் அளவு பக்கத்து அணுவின் அளவேதான்.

மலேரியே இனம் பழைய அணுக்களை விரும்பும். அணு அதே அளவில் அல்லது சற்றுச் சிறுத்து இருக்கும், ஒட்டுண்ணி குறுக்கே பட்டை கட்டியது போல நிற்கும். ஓவலே புகுந்த அணு நீள்வட்டமாகி ஒரு முனை பிய்ந்த துணி போல இருக்கும். இந்தியாவில் ஓவலே மிக அரிது, ஆப்பிரிக்கா போய் வந்தவர் என்றால் மட்டும் மனதில் வையுங்கள்.

புள்ளிகள்

வைவாக்ஸ் அணுவில் இளஞ்சிவப்பாக, ஒரே அளவில், அணு முழுக்கப் பொடி தூவியது போலத் தெரிபவை ஷுஃப்னர் புள்ளிகள். 1899-இல் விவரிக்கப்பட்டவை. அவை என்ன என்பது 1975-இல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் தெளிவானது: சவ்வு சின்னச் சின்னக் குழிகளாக உள்வாங்கி, ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நுண்பைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டுண்ணி கட்டியவை. மிக இளம் ரிங்கில் அவை இருக்காது. எனவே ஒரு ரிங்கைப் பார்த்துப் புள்ளி இல்லை என்று முடிவு கட்டாமல், வளர்ந்த நிலை ஒன்றைத் தேடிப் பாருங்கள். நீல நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளி தெரிந்தால் அது ஷுஃப்னர் இல்லை. ஈய நச்சிலும் தலசீமியாவிலும் வரும் பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங். ஒட்டுண்ணி இல்லாத அணுவிலும் அது இருக்கும், அதுவே அடையாளம்.

ஃபால்சிபேரம் அணுவிலும் குறிகள் உண்டு, ஆனால் வேறு மாதிரி. சற்று முதிர்ந்த ரிங் உள்ள அணுவில் ஐந்தாறு கோடுகள், கமா போட்டது போல, ஒழுங்கில்லாமல் கிடக்கும். மாரர் பிளவுகள். எல்லா ஸ்லைடிலும் தெரியாது. தெரியாவிட்டாலும் அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். ஃபால்சிபேரம் ஆளைக் கொல்வதன் காரணம் அங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பணு என்பது சரக்கு மூட்டை அடுக்கி வைத்த குடோன் மாதிரி. உள்ளே ஹீமோகுளோபின் மட்டும்தான். உட்கரு கிடையாது. புரதம் தயாரிக்கும் அமைப்பு கிடையாது. தயாரித்ததை மேற்பரப்புக்கு அனுப்பும் பைகளும் குழாய்களும் கிடையாது. வேறெந்த செல்லுக்குள் ஒரு கிருமி நுழைந்தாலும் அங்கிருக்கும் போக்குவரத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இங்கே கடன் வாங்க ஒன்றுமே இல்லை. ஆகவே ஒட்டுண்ணி எல்லாவற்றையும் தானே கட்டுகிறது. முதலில் நுழையும்போதே அணுச் சவ்வை உள்ளிழுத்துத் தன்னைச் சுற்றி ஒரு குமிழாக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழின் சுவரில் ஒரு புரதக் கதவு. வெளியே போக வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றின் முகப்பில் சில அமினோ அமிலங்களால் ஆன ஒரு முகவரி இருக்கும்; அதை 2004-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. அந்த முகவரியைச் சரியான இடத்தில் வெட்டி, புரதத்தை நூல் போலப் பிரித்துக் கதவு வழியாக அணுவுக்குள் தள்ளுகிறது ஒட்டுண்ணி. இப்படிப் போகும் புரதங்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் சில மேற்பரப்புக்குப் போகும் வழியில் தங்கித் தரம் பிரியும் இடைநிலையம்தான் மாரர் பிளவு. நாம் ஸ்லைடில் பார்க்கும் அந்தக் கமா.

அங்கிருந்து மேலே போய்ச் சேரும் முக்கியமான சரக்கு பிஎஃப்-இஎம்பி-1 என்னும் ஒட்டுப் புரதம். அணுவின் மேல் நூறு நானோமீட்டர் அளவில் குமிழ்கள் எழும்புகின்றன. நம் மைக்ரோஸ்கோப்பில் அவை தெரியவே தெரியாது. அந்தக் குமிழ்களின் மேல் இந்தப் புரதம் கொக்கியாக நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள புரதங்களில் அது மாட்டிக்கொள்ளும். அணு ஓட்டத்திலிருந்து விலகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மூளையின் நுண்குழாயில் ஒட்டினால் செரிப்ரல் மலேரியா. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் ஒட்டுவதற்கென்றே தனி வகைக் கொக்கி உண்டு. ஒவ்வோர் ஒட்டுண்ணியிடமும் சுமார் அறுபது கொக்கி மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். உடல் ஒன்றை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் தயாரித்து முடிக்கும்போது, சில ஒட்டுண்ணிகள் வேறொன்றுக்கு மாறியிருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? மண்ணீரலுக்குப் பயந்து. மண்ணீரலின் சல்லடையில் இடைவெளி ஒன்று, இரண்டு மைக்ரோமீட்டர்தான். எட்டு மைக்ரோமீட்டர் அணு அதன் வழியே நெளிந்து போகிறது, நெளிய முடியாதது அங்கேயே அழிக்கப்படும். ஃபால்சிபேரம் வளர வளர அணு விறைத்துப்போகிறது. சவ்வின் அடியில் உள்ள ஸ்பெக்ட்ரின் வலையில் ஒட்டுண்ணியின் புரதங்கள் போய்ப் பின்னிக்கொள்கின்றன, உள்ளே ஒட்டுண்ணியின் பருமனும் சேர்கிறது. விறைத்த அணு மண்ணீரலுக்குப் போனால் ஆபத்து. போகாமல் இருக்கத்தான் சுவரில் ஒட்டிக்கொள்வது.

வைவாக்ஸ் எதிர்வழியில் போகிறது: அணுவை இன்னும் நெகிழ்வாக்கிச் சல்லடையில் நழுவப் பார்க்கிறது. ஒட்டும் கொக்கி அதற்குப் பெரிதாக இல்லை. ஆனால் கதை அவ்வளவு எளிதில்லை. இந்தோனேசியாவின் பாப்புவாவில், விபத்து போன்ற காரணங்களால் மண்ணீரலை எடுக்க நேர்ந்தவர்களிடம் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள்: அறிகுறியே இல்லாதவர்களின் மண்ணீரலில் வைவாக்ஸ் கூட்டம் கூட்டமாக இருந்தது, ரத்தத்தில் தெரிந்ததைவிடப் பல மடங்கு. வைவாக்ஸுக்கு எண்ணிக்கை குறைவு என்று நான் சொன்னது ஸ்லைடில் தெரியும் எண்ணிக்கையைத்தான்.

ஸ்லைடில் இல்லாததையும் எண்ணுங்கள்

இப்போது மைக்ரோஸ்கோப்புக்கு வாருங்கள். ஒட்டும் வேலை ஒட்டுண்ணி நுழைந்து இருபது மணி நேரம் நெருங்கும்போது ஆரம்பிக்கிறது. மொத்தச் சுழற்சி 48 மணி நேரம். அதாவது ஆயுளின் பின்பாதியில் ஃபால்சிபேரம் நீங்கள் ஊசி குத்தும் ரத்தத்தில் இருப்பதில்லை. எனவே ஸ்லைடில் ரிங், ரிங், மறுபடி ரிங். எப்போதாவது வாழைப்பழ வடிவக் கேமட்டோசைட். வளர்ந்த ட்ரோஃபோசோயிட்டும் ஷைஸான்டும் (குட்டிகளாகப் பிரியும் நிலை) காணோம் என்றால் அந்தக் காணாமையே ஃபால்சிபேரமுக்குச் சாட்சி. வைவாக்ஸில் எல்லா நிலையும் கலந்து கிடைக்கும்: ரிங், கை கால் பரப்பிய அமீபா உரு, பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு குட்டிகளோடு ஷைஸான்ட், அணுவையே நிறைத்த கேமட்டோசைட்.

கட்டட வேலைக்கு வந்தவர் ஒருவர். ஒடிசாவில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய வாரத்தில் காய்ச்சல். வேறிடத்தில் "வைவாக்ஸ் ரிங்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சென்னையில் வைவாக்ஸ்தான் வழக்கம், கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும் ஸ்டீஃபென்சி கொசு பரப்புவது. அந்தப் பழக்கத்தில் எழுதியிருக்கலாம். நம் ஸ்லைடில் அணுக்கள் எல்லாம் ஒரே அளவு. ஓர் அணுவில் இரண்டு ரிங், சில இடத்தில் மூன்று. ரிங் மெல்லிய கம்பி போல. ஒரே ரிங்கில் இரண்டு குரோமாட்டின் (உட்கருப் பொருள்) பொட்டு. சில ரிங் அணுவின் ஓரத்தில் ஒட்டவைத்தது போல. தேடித் தேடிப் பார்த்தும் வளர்ந்த நிலை ஒன்றுகூட இல்லை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்கு ஃபோன் செய்தேன். எங்கே போய் வந்தார் என்று கேட்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு பத்தி வையுங்கள்.

ஃபால்சிபேரம் ஸ்லைடில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். வெளியே தெரிவது இளசு மட்டும். சுவரில் ஒட்டியிருப்பது உங்கள் கணக்கில் வராது. மாறாக, பிக்மென்ட்டோடு (ஒட்டுண்ணி சேர்த்துவைக்கும் பழுப்புத் துகள்) முதிர்ந்த நிலைகள் வெளி ரத்தத்திலேயே தெரிந்தால், அல்லது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் அந்தப் பழுப்புத் துகள் கிடந்தால், உள்ளே பெரும் கூட்டம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். எழுதினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். முதல் ஸ்லைடு நெகட்டிவ், ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் இருக்கிறது என்றால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தவை வெடித்து அடுத்த தலைமுறை ரிங் வெளியே வந்திருக்கும்.

வாழைப்பழக் கேமட்டோசைட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அதன் உள்வளைவில் மெல்லிய சவ்வு ஒன்று தொங்கும். அணுவில் மிஞ்சியது அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நாள் எலும்பு மஜ்ஜையில் ஒளிந்து முதிர்ந்தபின், மறுபடி நெகிழ்வாகி வெளியே வருகிறது. சிகிச்சை முடிந்தபின்னும் சில நாள் இது மட்டும் ஸ்லைடில் தென்படும். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

பழுப்புத் துகள்

ஒட்டுண்ணி அணுவின் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் தின்றுவிடும். தின்றதன் மிச்சம் ஹீம். அது ஒட்டுண்ணிக்கே விஷம், ஆகவே அதைப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. அதுதான் நாம் பிக்மென்ட் என்று சொல்லும் ஹீமோசோயின். குளோரோகுயின் இந்தப் படிகமாக்கலைத்தான் கெடுக்கிறது. ஃபால்சிபேரமில் பிக்மென்ட் ஒரே கட்டியாகத் திரளும், வைவாக்ஸில் பொன்பழுப்பாகச் சிதறும். போலரைஸர் உள்ள மைக்ரோஸ்கோப் இருந்தால் போட்டுப் பாருங்கள், மின்னும். சாய அழுக்கு அப்படி மின்னாது.

தின்பதில் ஒரு சிக்கல். வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை. வெளியிலிருந்து வர வேண்டும். அதற்காக அணுச் சவ்விலேயே புது வாய்க்கால்களைத் திறக்கிறது ஒட்டுண்ணி. ஆய்வுக்கூடத்தில் ஒட்டுண்ணி வளர்ப்பவர்கள் இதையே ஒரு தந்திரமாக ஆக்கினார்கள். சார்பிட்டால் கரைசலில் போட்டால், வாய்க்கால் திறந்த முதிர்ந்த அணுக்கள் ஊறி வெடித்துவிடும். ரிங் உள்ளவை மட்டும் பிழைக்கும். எல்லாம் ஒரே வயதாகிவிடும். 1979 முதல் இன்றுவரை அதே முறை.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் வேலை செய்யும் லேப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரிவாள் அணு மரபணு இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் அங்கேதான் கண்டறியப்பட்டது. அந்த மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களின் சிவப்பணுவில் ஃபால்சிபேரமின் போக்குவரத்துக் கட்டுமானம் ஒழுங்காக அமைவதில்லை. கொக்கி மேலே குறைவாகப் போய்ச் சேருகிறது, ஒட்டுவதும் குறைகிறது. கடும் மலேரியா அவர்களுக்குக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏமாற்றுபவை

அணுவின் மேல் உட்கார்ந்த பிளேட்லெட் புதியவர்களை அதிகம் ஏமாற்றும். ஃபோகஸ் திருகை லேசாகத் திருகுங்கள். பிளேட்லெட் அணுவுக்கு மேல் தளத்தில் தெளியும், சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். ஒட்டுண்ணி அணுவோடு சேர்ந்தே தெளியும். சிவப்புக் குரோமாட்டினும் நீல சைட்டோபிளாசமும் சேர்ந்து இருந்தால்தான் ஒட்டுண்ணி. ஒரே நிறத்தில் உருண்டையாக இருந்தால் ஹோவெல்-ஜாலி பொருளாக (அணுவில் மிஞ்சிய உட்கருத் துண்டு) இருக்கலாம், சாயத் துகளாக இருக்கலாம்.

மலேசியாவில் உறவினர் வீட்டுக்கோ வேலைக்கோ போய் வந்தவர் ஸ்லைடில் பட்டை வடிவம் தெரிந்தால் "மலேரியே" என்று எழுதிவிட்டு ஓயாதீர்கள். குரங்கிலிருந்து வரும் நோலசி இனமும் அப்படியேதான் இருக்கும். இளம் நிலையில் ஃபால்சிபேரமைப் போலவும் இருக்கும். சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலருக்கும் அது இருந்தது 2004-இல் வெளிவந்தபோது, அதுவரை மலேரியே என்று எழுதப்பட்டிருந்தவைதான் பெரும்பாலும் நோலசி என்று தெரிந்தது. மலேரியேவுக்கு 72 மணி நேரச் சுழற்சி, நோலசிக்கு 24. ஒரே நாளில் எண்ணிக்கை மடங்காகும். சாவும் நேர்ந்திருக்கிறது. ஸ்லைடால் இரண்டையும் பிரிக்க முடியாது, பி.சி.ஆர். தேவை என்று குறிப்பு எழுதுங்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

தின் ஸ்மியரில் சதவீதம் எடுக்கும்போது எண்ண வேண்டியது ஒட்டுண்ணிகளை அல்ல, பாதிக்கப்பட்ட அணுக்களை. ஓர் அணுவில் மூன்று ரிங் இருந்தாலும் கணக்கு ஒன்று. குறைந்தது ஆயிரம் அணு எண்ணுங்கள். கேமட்டோசைட்டைச் சேர்க்காதீர்கள். ஃபால்சிபேரமில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது கடும் மலேரியா. திக் ஸ்மியரில் 200 வெள்ளணு எண்ணும்வரை எத்தனை ஒட்டுண்ணி என்று பார்த்து, அதை 8,000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் மைக்ரோலிட்டருக்கு எண்ணிக்கை. அன்றைய வெள்ளணு எண்ணிக்கை கையில் இருந்தால் 8,000-க்குப் பதில் அதைப் போடுங்கள். நெகட்டிவ் என்று எழுத திக் ஸ்மியரில் நூறு ஃபீல்டாவது பார்த்திருக்க வேண்டும்.

கார்டு டெஸ்ட் (ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் விரைவுப் பரிசோதனை) பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்றால் சண்டை வேண்டாம். கார்டு தேடும் ஹெச்.ஆர்.பி.-2 என்பதும் ஃபால்சிபேரம் அணுவுக்குள் ஏற்றுமதி செய்யும் புரதம்தான். அணு வெடித்ததும் ரத்தத்தில் கலந்து, குணமானபின்னும் வாரக்கணக்கில் நிற்கும். முன்பு காய்ச்சல் வந்து மருந்து சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அந்த மரபணுவையே தொலைத்துவிட்ட ஃபால்சிபேரமும் இருக்கிறது, அதற்குக் கார்டு நெகட்டிவ் காட்டலாம். இரண்டு பக்கமும் ஸ்லைடுதான் தீர்ப்பு.

ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா ஊசி போட்டுக் குணமானவர் ஒன்றிரண்டு வாரத்தில் வெளிறிப்போய் ஹீமோகுளோபின் பார்க்க வருவார். ஸ்லைடில் ஒட்டுண்ணி இருக்காது. மருந்தில் செத்த ஒட்டுண்ணியை மண்ணீரல் அணுவிலிருந்து பிடுங்கிவிட்டு, அணுவை மட்டும் திரும்ப ஓட்டத்தில் விட்டிருக்கும். ஒருமுறை குடியிருக்கப்பட்ட அந்த அணுவுக்கு ஆயுள் குறைவு. மொத்தமாக உடையும் நாட்களில்தான் அவர் வருகிறார். அணு உடைந்தால் ஏறும் எல்.டி.ஹெச்.சும் ரெட்டிகுலோசைட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நினைவுபடுத்தலாம்.

அறிக்கையில் "எம்.பி. பாசிட்டிவ்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இனம், நிலைகள், எண்ணிக்கை மூன்றும் வேண்டும். வைவாக்ஸ் என்றால் கல்லீரலில் உறங்குவதையும் அழிக்கப் பதினான்கு நாள் ப்ரைமாகுயின். ஃபால்சிபேரம் என்றால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து. நீங்கள் எழுதும் ஒரு சொல்லில் மருந்துச் சீட்டே மாறுகிறது. பாசிட்டிவ் ஸ்லைடின் எண்ணெயை லென்ஸ் தாளால் ஒற்றி எடுத்து, எண் போட்டுப் பெட்டியில் வையுங்கள், மறுபரிசோதனைக்குக் கேட்பார்கள். நோயாளியின் முகவரியோடு மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் அன்றே போகட்டும். அவர்கள் வந்து அந்தத் தெருவின் கிணறுகளையும் தொட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.